போர்வெல்லில் 160 அடி ஏறியது மழைத் தண்ணீரா?

கேள்வி: பல்லடம் பக்கம் 4 ஏக்கர் இருக்கிறது. 75 அடிக் கிணறு ஒன்று, 780 அடி போர் (ஆழ்துளைக் கிணறு) ஒன்று. மேற்கே ஒரு ஃபர்லாங் தள்ளி பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால். போன ஐப்பசி, கார்த்திகையில் தாலுகா ஆபீஸ் கணக்குப்படி 420 மி.மீ. மழை. கிணறு 10 அடி ஏறியது. போரில் 300 அடியில் கிடந்த மட்டம் 140-க்கு வந்தது. அந்த இரண்டு மாதமும் மோட்டார் போடவில்லை. மழைநீர் நிலத்துக்குள் எவ்வளவு சேர்கிறது என்று பார்க்கும் 'ரீசார்ஜ் சர்வே' எடுக்கும் ஏஜெண்ட் ஒருவர், "மழை நன்றாக இறங்குகிறது, 4 ஏக்கருக்கும் தென்னை வைக்கலாம், போரை மட்டும் 1,200 அடிக்கு இறக்கிவிடுங்கள்" என்கிறார். சர்வேக்கு 18,000 ரூபாய். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். தண்ணீர் தாராளமாக இறங்குகிறது என்றால் போரை எதற்கு இன்னும் 420 அடி இறக்க வேண்டும்? இதை அவரிடமே கேட்டுப் பாருங்கள். சர்வே பார்ப்பவருக்கும் ரிக் வண்டிக்காரருக்கும் நடுவில் அடிக்கு இவ்வளவு என்று கமிஷன் ஓடுவது ஊரறிந்த விஷயம். முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், "இத்தோடு நிறுத்துங்கள், கீழே வேண்டாம்" என்று எழுதிய ஏஜெண்ட் ரிப்போர்ட் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை.

மழையில் எவ்வளவு நிலத்துக்குள் சேர்ந்தது என்பதைக் கண்டுபிடிக்க மிஷின் வேண்டியதில்லை. மழைக்கு முன் மட்டம், மழைக்குப் பின் மட்டம், பாறை எவ்வளவு தண்ணீரை விடும் என்ற விகிதம், இந்த மூன்றும் போதும். விகிதம் என்றால் இதுதான்: தண்ணீர் நிறைந்து நிற்கும் களி கலந்த மொரம்பை, அதாவது சிதைந்த பாறையை, 100 குடம் அளவுக்கு எடுத்தால் அதிலிருந்து வடிவது ஒன்றரைக் குடம். மீதியெல்லாம் கல்லும், கல்லோடு ஒட்டிக்கொண்ட ஈரமும். களி குறைந்த மொரம்பானால் மூன்று குடம் வடியும். பல்லடம் பக்கத்துச் சுக்கான் கல்லுக்கும் களிக்கும் நான் ஒன்றரைக்கு மேல் போகமாட்டேன்.

ஏஜெண்டுகள் செய்யும் தப்பு, இந்த விகிதத்தைப் போரின் மட்டத்தில் போடுவது. நீங்களே பெருக்கிப் பாருங்கள். 160 அடியில் நூற்றுக்கு ஒன்றரை என்றால் 2.4 அடி, அதாவது 730 மி.மீ. பெய்ததே 420! வானத்திலிருந்து வந்ததைவிட அதிகமாக நிலத்துக்குள் போயிருக்கிறதாம். ஆறரை இஞ்ச் போரில் 160 அடி ஏறினால் குழிக்குள் வந்து நிற்பது ஆயிரம் லிட்டர் சொச்சம், மொட்டை மாடித் தொட்டி ஒன்றின் அளவு. ஆழத்து வெடிப்பில் இருக்கும் தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது. மழை பெய்ததும் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் மோட்டாரை நிறுத்துகிறார்கள், அழுத்தம் திரும்புகிறது, மட்டம் தானாக மேலே வருகிறது. அதைப் புதுத் தண்ணீர் என்று சொல்லி விற்பது மோசடி.

கிணற்றுக் கணக்கைப் போடுங்கள். 10 அடிக்கு நூற்றுக்கு ஒன்றரை என்றால் 46 மி.மீ. இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம். பெய்த மழையில் இத்தனை சதவீதம் நிலத்துக்குள் இறங்கும் என்று நேராக எடுத்துக்கொள்ளும் முறை அது. 1997-ல் மத்திய அரசின் நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் கமிட்டி கொடுத்த பட்டியலில் களி கலந்த சிதைந்த பாறைக்கு 8 சதவீதம், களி குறைந்ததற்கு 11. உங்கள் 420-க்கு 8 சதவீதம் என்றால் 34 மி.மீ. ஆக 34-க்கும் 46-க்கும் நடுவே. நாலு ஏக்கருக்கு ஐந்தரை முதல் ஏழரை லட்சம் லிட்டர். ஏக்கருக்கு 70 தென்னை, சொட்டுநீரில் மரத்துக்கு நாளைக்கு 65 லிட்டர் என்று வைத்தாலே தினம் 18,000 லிட்டருக்கு மேல் வேண்டும். முப்பது, நாற்பது நாளில் கணக்கு தீர்ந்தது.

மழைநீரில் இருக்கும் குளோரைடையும் கிணற்று நீரில் இருப்பதையும் லேபில் ஒப்பிட்டு, எவ்வளவு மழை இறங்கியது என்று சொல்கிறேன் என்றும் அந்த ஏஜெண்ட் வருவார். நல்ல முறைதான், இங்கே எடுபடாது. பொட்டாஷ் உரத்திலேயே குளோரைடு இருக்கிறது, அது கலந்தால் கணக்கு கெட்டுப்போகும். சாயக்கழிவு கலந்த பக்கமானால் கேட்கவே வேண்டாம்.

இனி வாய்க்கால் சங்கதி. அந்த 10 அடியும் மழையால் ஏறியது என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பி.ஏ.பி. பாசன நிலத்தை நான்கு மண்டலமாகப் பிரித்து மாற்றி மாற்றித் தண்ணீர் விடுகிறார்கள், ஒரு மண்டலத்துக்கு ஒரு முறை தண்ணீர் வந்து போனால் அடுத்த முறைக்கு இரண்டு வருடம். "எங்கள் மடைக்கு இந்தத் தடவை தண்ணீர் இல்லையே" என்பீர்கள். உங்கள் மடை மூடிக் கிடந்தாலும், அடுத்த மண்டலத்துக்கு அதே வாய்க்காலில் தண்ணீர் போயிருந்தால் கசிவு கசிவுதான். மேட்டுக் காட்டுக்காரர் பாய்ச்சிய தண்ணீரில் மிச்சமும் உங்கள் பக்கம் இறங்கும். இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. வாய்க்காலுக்குக் கிழக்கே இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, அதே மாதிரி மண்ணில், பாசனம் படாத காட்டுக் கிணறு ஒன்றையும் சேர்த்து அளக்க வேண்டும். அங்கே 6 அடிதான் ஏறியது என்றால் உங்கள் கிணற்றில் 4 அடி வாய்க்கால் தண்ணீர். மழை பிடிப்பதற்கு முன்னாலேயே உங்கள் கிணறு ஏற ஆரம்பித்திருந்தால் சந்தேகமே வேண்டாம். வாய்க்கால் ஓடிய ஒரு வருடத்தை மட்டும் நம்பித் தென்னை வைத்துவிட்டு, வறண்ட வருடத்தில் டேங்கர் லாரி வைத்து ஊற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நிலத்தடி நீருக்கு அரசாங்கக் கணக்கு இருக்கிறதே என்று கேட்கலாம். அது குறுவட்டம், தாலுகா என்ற வருவாய் எல்லைப்படிதான் போடப்படுகிறது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் 'பாதுகாப்பானது', அந்தப் பக்கம் 'அதிநுகர்வு'. பாறைக்கு அந்த எல்லைக்கல் தெரியுமா? இறைத்தது எவ்வளவு என்பதும் அளந்த கணக்கில்லை. இலவச மின்சார மோட்டார்களில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டரே கிடையாது. கிணறு இத்தனை, கிணற்றுக்கு இவ்வளவு என்று பெருக்கிப் போடுகிறார்கள். மீட்டர் என்ற பேச்சை எடுக்க எந்தக் கட்சிக்கும் தைரியமில்லை, அதிகாரிகளும் பெருக்கிக்கொண்டே ரிட்டயர் ஆகிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கிணற்று விளிம்பில் பெயிண்டால் ஒரு குறி போடுங்கள். புரட்டாசிக் கடைசியில் ஒரு தடவை, பொங்கல் கழித்து ஒரு தடவை, ராத்திரி முழுக்க மோட்டார் ஓடாத விடியற்காலையில், டேப்பில் கல் கட்டி இறக்கி அளந்து நோட்டில் எழுதுங்கள். நடுவில் மோட்டார் ஓடினால் எத்தனை மணி நேரம் என்பதையும் குறியுங்கள், இறைத்ததைக் கணக்கில் கூட்டியாக வேண்டும். அதுவரை ஒரு ஏக்கருக்கு மேல் தென்னங்கன்று வாங்காதீர்கள். இரண்டு வருட அளவு கையில் வந்ததும் எழுதுங்கள், பார்க்கிறேன். வாய்க்கால் திறந்த தேதி, அடைத்த தேதி இரண்டும் அதில் இருக்கட்டும்.