வாசகர் கேள்வி: எரிவாயு உலைக்கு எந்த வெப்பக் காப்புப் பொருள்?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் அரிவாள் அடிப்பதற்காகச் சிறிய எரிவாயு உலை ஒன்றைச் செய்து வருகிறேன். அரிசி ஆலையின் பழைய கொதிகலனிலிருந்து எடுத்த கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உறை கையில் இருக்கிறது. அதை உள்ளே பதிக்கலாமா, செங்கல்லே போதுமா?

பதில்: கல்நாரைத் தொடவே வேண்டாம், அதன் தூசு நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும். சாதாரணச் செங்கல் வெப்பத்தைத் தடுப்பதைவிட உறிஞ்சிக்கொள்வதே அதிகம் என்பதால் உலை சூடேறத் தாமதமாகும், எரிவாயுவும் வீணாகும். போதாக்குறைக்கு வெடித்தும் போகும். கண்ணாடிப் பஞ்சு இந்தச் சூட்டில் உருகிவிடும்.

1260 டிகிரி செல்சியஸ் தாங்கும் செராமிக் ஃபைபர் (பீங்கான் இழை) போர்வையை வாங்கி, 25 மி.மீ. கனத்தில் இரண்டு அடுக்காக உலையின் உருளை உடலுக்கு உட்புறம் பதியுங்கள். அப்படியே விட்டுவிட்டால் நெருப்பின் வேகத்தில் இழைகள் பிய்ந்து காற்றில் கலக்கும் என்பதால், கூழ்ம சிலிகா கரைசலை (நுண்ணிய சிலிகாத் துகள்கள் கலந்த நீரை) தெளித்து இறுகச் செய்து, அதன்மேல் அலுமினா மிகுந்த தீக்காரையை (கடும் வெப்பம் தாங்கும் காரையை) ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் பூசுங்கள். பூச்சு நன்றாக உலர்ந்தபின் சிறுதீயில் தொடங்கிப் படிப்படியாகச் சூடேற்ற வேண்டும். ஈரம் தங்கினால் காரை தெறிக்கும். இரும்போடு இரும்பு ஒட்ட வெண்காரம் (போராக்ஸ்) தூவுவதாக இருந்தால், அது உருகிப் போர்வையை அரித்துவிடுமாகையால், அடித்தளத்தில் மட்டும் கெட்டியான தீச்செங்கல்லை வையுங்கள். அந்த ஓரிடத்தில் அது வெப்பத்தைக் குடிப்பதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

போர்வையை வெட்டும்போது துணி கட்டிக்கொள்வது போதாது. நுண்தூசு முகக்கவசம் அவசியம்.