அந்த "அவன்" யாருடைய சொல்?

கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து தொலைக்காட்சியில் ஒரு சிங்கள அரசியல் விவாதம் பார்த்திருக்கிறார்கள். இவருக்குச் சிங்களம் பாதிதான் விளங்கும். மீதிக்கு, கூடவே ஓடிய தமிழ் உரைபெயர்ப்புக் குரலை நம்பியிருந்தார். அதட்டிப் பேசியவர்தான் துணிந்த ஆள் என்கிறார் மாமனார். முதல் தடவை வாக்களிக்கப்போகும் மகன், அந்த ஆளுக்கு மரியாதை தெரியாது என்கிறான். மறுநாள் வாட்ஸ்அப்பில் 40 விநாடித் துண்டு ஒன்று வந்தது. அதன் அடியில் "அவன் பொய் சொல்கிறான்" என்று தமிழில் போட்டிருந்தது. "உண்மையாகவே அப்படித்தான் கதைத்தாரா? பேச்சை வைத்து ஆளை எப்படி எடை போடுவது?" என்று கேட்கிறார்.

சகோதரி, நான் கொழும்பில் 20 வருடத்துக்கு மேலாகச் சிங்கள–தமிழ் உரைபெயர்ப்புச் செய்து வருகிறேன். உங்கள் கேள்விக்கு அந்த "அவன்" என்ற சொல்லில் இருந்தே பதில் சொல்கிறேன்.

பேச்சுச் சிங்களத்தில் "கியனவா" என்றால் சொல்வது. நான் சொன்னாலும், நீங்கள் சொன்னாலும், ஒரு அமைச்சர் சொன்னாலும் அதே "கியனவா"தான். தமிழில் அப்படி விட முடியாது. சொல்கிறான், சொல்கிறாள், சொல்கிறார் என்று வினை முடிகிற இடத்தில் மரியாதையைத் தீர்மானித்தே ஆகவேண்டும். வேட்பாளர் "எயா பொரு கியனவா" என்று சொல்லியிருந்தால், "எயா" வீட்டிலும் அலுவலகத்திலும் தெரிந்த ஒருவரைக் குறிக்கும் சாதாரணச் சொல். அதில் பெரிய மரியாதையும் இல்லை, ஏச்சும் இல்லை. அதை "அவர் பொய் சொல்கிறார்" என்றும் போடலாம், "அவன் பொய் சொல்கிறான்" என்றும் போடலாம். போட்டவருடைய மனம் எந்தப் பக்கமோ சொல்லும் அந்தப் பக்கம் போகும். "ஊ" என்றோ "மூ" என்றோ சொல்லியிருந்தால் கதை வேறு. அது அவமதிப்பு, அங்கே "அவன்" பொருந்தும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். சிங்களத்தில் "எதுமா" மிக மரியாதையான சொல். "தமுன்னான்சே" பாராளுமன்றத்தில் கேட்கிற சொல். ஆனால் அதே சொல்லை இழுத்து, ஓரப் புன்னகையோடு, கடைசி அசையில் குரலை ஏற்றிச் சொன்னால் அது ஏச்சை விட ஆழமாகக் குத்தும். நம்மிலும் ஒரு பெரியவர் கோபத்தில் மருமகனைப் பார்த்து "தாங்கள் சொன்னால் சரிதானே" என்றால், அந்தத் "தாங்கள்" மரியாதைக்கு வந்ததல்ல என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எழுத்தில் போடும்போது இது முழுதாகத் தொலைந்துவிடும். தமிழில் "மதிப்புக்குரியவர்" என்று வாசித்துவிட்டு நாகரிகமான பேச்சு என்று நினைப்பீர்கள். சிங்களம் தெரிந்த உங்கள் மகன் முகம் சுளித்தது இதனாலும் இருக்கலாம்.

சத்தம் பற்றி மாமனார் சொன்னதற்குச் சுருக்கமான பதில்தான். கனத்த, தாழ்ந்த சுருதிக் குரலைக் கேட்டால் தலைமைக்குரிய குரல் என்று நினைப்பது மனிதர்களுக்குப் பழக்கம். பிரிட்டனின் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சர் பயிற்சி எடுத்தே தன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆண் அதட்டினால் உறுதி என்கிறோம், பெண் அதட்டினால் வாய்க்காரி என்கிறோம். குரல் ஆளின் உண்மையைக் காட்டாது. ஒலிவாங்கியை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதும் சேர்த்தி. 2024 ஜூன் 27 அட்லாண்டாவில் பைடனும் டிரம்பும் விவாதித்தபோது, ஒருவர் பேசுகையில் மற்றவரின் ஒலிவாங்கியை அணைத்து வைத்தார்கள். குறுக்கே பேசியது வீட்டில் இருந்தவர்களுக்குச் சரியாகக் கேட்காது. இங்கே பல நேரம் எல்லா ஒலிவாங்கியும் திறந்தே கிடக்கும். அதனால் கத்துகிறவர் மற்றவரை மூடிவிடுகிறார்.

என் மனதை அரிப்பது துண்டு வெட்டி அனுப்புகிறவர்களின் வேலை. தேர்தல் வந்தால் தமிழ் எழுத்துப் போட்ட காணொளிகள் எங்கிருந்தோ முளைக்கும். கேள்வியை வெட்டிவிட்டுப் பதிலை மட்டும் வைப்பார்கள். எதிராளி முதலில் சீண்டியதை எடுத்துவிட்டு, இவர் சீறியதை மட்டும் விடுவார்கள். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினச் சட்டம் வேட்பாளரிடம் கணக்குக் கேட்கிறது. பெயரில்லாத அந்தத் துண்டுக்கு யார் காசு கொடுத்தார் என்று உங்கள் கைபேசியில் எங்கும் எழுதியிருக்காது.

விவாதம் முடிந்த பிறகு வருகிற பேச்சுக்கு எவ்வளவு பலம் என்பதற்கு 1976 அக்டோபர் 6 நல்ல சாட்சி. அமெரிக்க ஜனாதிபதி ஃபோர்ட், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று விவாதத்தில் சொன்னார். அன்று இரவு உடனே கேட்டபோது ஃபோர்ட் நன்றாகச் செய்தார் என்றே பலர் சொன்னார்கள். அடுத்த நாள் முழுக்கத் தொலைக்காட்சியும் பத்திரிகையும் அந்த வாக்கியத்தையே போட்டுத் தள்ள, எதிர்த்து நின்ற கார்ட்டர்தான் வென்றார் என்று ஜனம் திரும்பிவிட்டது. விவாதம் அதேதான். நடுவில் வந்தது மற்றவர்களின் வாய். அந்த வாக்கியம் பிழையானது என்பது வேறு விஷயம்.

தமிழ்க் குரலைப் பற்றியும் சொல்லாமல் விட முடியவில்லை. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி ஆனது. இன்னும் விவாதம் என்றால் தமிழுக்கு ஒரே ஒரு ஆளைத்தான் கூப்பிடுகிறார்கள். உடனுக்குடன் உரைபெயர்ப்பவர்கள் 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வதே முறை. ஒரு தடவை என்னை இரண்டரை மணித்தியாலம் தனியாக உட்கார வைத்தார்கள். கடைசி அரை மணியில் கோபம், கெஞ்சல், கிண்டல் எல்லாம் என் வாயில் ஒரே தொனியில் வந்தது. அதைக் கேட்டு யாரோ ஒரு வேட்பாளரைச் சப்பையான ஆள் என்று நினைத்திருப்பார்கள். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வாட்ஸ்அப்பில் வந்த துண்டை வைத்து முடிவெடுக்க வேண்டாம். முழு விவாதத்தைத் தேடி, அந்த வாக்கியத்துக்கு முந்திய 5 நிமிடத்தில் இருந்து பாருங்கள். என்ன கேட்டார்கள், அதற்கு என்ன சொன்னார் என்று ஒரு தாளில் ஒவ்வொரு வரி எழுதுங்கள். பதில் கேள்விக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் தொனியைப் பார்க்கலாம். மகனிடம் "என்ன சொன்னார்" என்று கேட்காமல், "எந்தச் சொல்லால் எதிராளியைக் குறிப்பிட்டார், எயாவா, ஊவா, எதுமாவா" என்று கேளுங்கள். சிங்களச் சொல்லை அப்படியே சொல்லச் சொல்லுங்கள், அவன் தமிழ்ப்படுத்த வேண்டாம். மாமனாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.