சிறார் வழக்குகளை யார் கண்காணிக்கிறார்கள்? கேள்வி பதில்

சிறார் மீதான குற்ற வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் சமூகப் பணி உறுப்பினராக இருந்தவர் பதில் சொல்கிறார்.

விசாரணை 4 மாதத்தில் முடிய வேண்டுமாமே? எங்கள் தெருப் பையனுக்கு ஒரு வருடம் தாண்டிவிட்டது. யாரும் கேட்க மாட்டார்களா மேடம்?

கேட்டே ஆக வேண்டும். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு 4 மாதம் தருகிறது, தேவைப்பட்டால் இன்னும் 2 மாதம். சிறு குற்றமென்றால் அதற்கு மேல் வழக்கே நிற்காது. நிலுவையைத் தலைமை நீதித்துறை நடுவர் 3 மாதத்துக்கு ஒருமுறையும், மாநில உயர்மட்டக் குழு 6 மாதத்துக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும்.

ஆனால் மேலே போவது எண்ணிக்கை மட்டும்தான். தாமதத்தின் காரணம் வழக்குக் கட்டுக்குள்ளே கிடக்கும். நான் பிரித்த ஒரு கட்டில், நன்னடத்தை அலுவலர் 15 நாளில் தர வேண்டிய, பையனின் குடும்பச் சூழலைச் சொல்லும் சமூக விசாரணை அறிக்கையே இல்லை. அந்தப் பையனின் அம்மா, பக்கத்து மாவட்டத்துச் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போயிருந்தார். பழைய முகவரிக்கு அனுப்பிய கடிதம் ‘வீடு பூட்டியுள்ளது’ என்று திரும்பி வந்து, பின் குத்தியபடி இருந்தது. அந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். ஐந்து வாய்தா வீண். இன்றும் எனக்கு ஆறவில்லை.

உங்கள் பையனுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். 14-ஆவது பிரிவைச் சொல்லி மனு போடச் சொல்லுங்கள்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கும் குழுமத்தின் கணக்கும் ஏன் ஒத்துப்போவதில்லை?

காப்பகம் எண்ணுவது எஃப்ஐஆர் போட்ட வழக்குகளை. இதே சட்டத்தின் 2016 மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றமோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததோ இல்லையென்றால், சிறார் மீது எஃப்ஐஆரே கூடாது. நிலைய நாட்குறிப்பில் எழுதி, சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டு கணக்கையும் சேர்த்து வைத்துப் பார்க்காமல் ‘சிறார் குற்றம் கூடியது, குறைந்தது’ என்று பேசுவது தவறு.

விசாரணை முடியும்வரை சிறாரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லங்களுக்கு ஆய்வு உண்டா?

உண்டு. 3 மாதத்துக்கு ஒருமுறையாவது, குறைந்தது 3 பேர். அதில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் கட்டாயம். ஒரு வாரத்தில் அறிக்கை தர வேண்டும்.

என் மகன் 16 வயதில் சைக்கிள் திருடிய வழக்கு முடிந்துவிட்டது. இப்போது வேலைக்கு போலீஸ் சரிபார்ப்பு. அது வெளியே வருமா அக்கா?

வரக் கூடாது அம்மா. முடிந்த வழக்கின் பதிவை நன்னடத்தைச் சான்றுக்காகக் கூட காவல் துறை வெளியிடக் கூடாது. 74-ஆவது பிரிவு தடுக்கிறது. 24-ஆவது பிரிவின்படி, அந்த வழக்கால் அவனுக்கு எந்தத் தகுதியிழப்பும் இல்லை. நிலையத்தில் யாராவது பழைய பதிவைக் கிளறினால், குழுமத்தின் உத்தரவு நகலோடு போய் இந்த இரண்டு பிரிவுகளையும் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.