பட்டறைப் பதில்கள்: படகு டிரெய்லருக்கு எத்தனை பட்டை?

கேள்வி: எங்களுடைய 16 அடி ஃபைபர் படகை டிரெய்லரில் ஏற்றி, ஜீப்பில் கோத்து, கரையிலிருந்து 14 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். எஞ்சின், எரிபொருள், நங்கூரம், வலை, டிரெய்லர் எல்லாம் சேர்த்து எடைமேடையில் 620 கிலோ. ஒரு பழைய வேனின் பட்டை ஸ்பிரிங்கை (வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது) மாட்டியிருக்கிறோம்: பக்கத்துக்கு 9 பட்டை, ஒவ்வொன்றும் 8 மி.மீ. கனம், 60 மி.மீ. அகலம், கண்ணுக்குக் கண் (இரு முனை வளையங்களுக்கு நடுவே) 36 அங்குலம். படகை ஏற்றினால் 12 மி.மீ.தான் இறங்குகிறது. வண்டி துள்ளுகிறது; ஏரா (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) ஓரமாக மயிரிழைக் கீறல் விட்டிருக்கிறது. இரண்டு பட்டையை உருவினால் சரியாகிவிடும் என்கிறார் வெல்டர். செய்யலாமா? (வாசகர், தொண்டி)

பதில்: வெறும் படகை எடை போடாமல் எல்லாவற்றையும் ஏற்றி எடை போட்டிருக்கிறீர்கள் பாருங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

620 கிலோவும் ஸ்பிரிங் மேல் உட்காராது. ஜீப்பில் கோக்கும் கொக்கியில் ஒரு 50 கிலோ விழும். இதைப் பழைய இரும்புக்கடைத் தராசில் கொக்கி முனையை வைத்தே பார்த்துக்கொள்ளலாம். ஆக்சில், சக்கரம், ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. அதற்கு 70 கிலோ கழியுங்கள். மீதி 500. பக்கத்துக்கு 250 கிலோ. உங்கள் ஸ்பிரிங் சுமப்பது இவ்வளவுதான்.

250 கிலோவுக்கு 12 மி.மீ. என்றால், ஒரு மில்லிமீட்டர் இறங்க 20 கிலோவுக்கு மேல் வேண்டியிருக்கிறது. இந்த அளவு டிரெய்லருக்கு நான் 50, 60 மி.மீ. இறங்கும்படிதான் கட்டுவேன். 60 இறங்கினால் வண்டி நொடிக்கு 2 முறை நிதானமாக ஆடும். 12 இறங்கினால் நாலரை முறை வெடவெடக்கும். அந்த அதிர்ச்சியைப் பட்டை வாங்கிக்கொள்ளாவிட்டால் படகுதான் வாங்கிக்கொள்ள வேண்டும். உங்கள் ஏரா வாங்கிக்கொண்டிருக்கிறது.

தூத்துக்குடியில் பட்டறை தொடங்கிய புதிதில் நானே இந்தத் தப்பைச் செய்தேன். பலமாக இருக்கட்டும் என்று ஒரு பெரியவரின் படகு டிரெய்லருக்கு மினி லாரி ஸ்பிரிங்கைப் போட்டுக் கொடுத்தேன். மூன்றே மாதத்தில் வந்தார். திட்டவில்லை. என் கையைப் பிடித்து, படகின் அடியில், டிரெய்லரின் குறுக்குச் சட்டம் படும் இடத்தில் வைத்தார். வெள்ளைப் பூச்சில் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு கோடு, ஒரு சாண் நீளம். அன்றிலிருந்து எடை கேட்காமல் நான் எவருக்கும் ஸ்பிரிங் கட்டியதில்லை.

இரண்டு பட்டையை உருவினால் 12 மி.மீ. 15 ஆகும், அவ்வளவுதான். விறைப்பு பட்டைகளின் எண்ணிக்கையோடு நேராகத்தான் குறையும். கனத்தோடோ முப்படியாகக் குறையும். 8 மி.மீ. பட்டை 6 ஆனாலே அதன் விறைப்பு 42 சதவீதத்துக்கு வந்துவிடும். அதனால் இதே நீளம், இதே அகலத்தில் 6 மி.மீ. பட்டை நான்கு போட்டுக் கட்டச் சொல்லுங்கள். இப்போதிருப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான விறைப்பு. இறக்கம் ஏறத்தாழ 60 மி.மீ. வரும்.

நான்குக்குப் பதில் கனமான ஒற்றைப் பட்டை போதுமே என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். இந்த டிரெய்லர்களில் ஷாக் அப்சார்பர் கிடையாது. பட்டையோடு பட்டை உரசுவதுதான் ஆட்டத்தை அடக்குகிறது.

கடையில் ரெடிமேடாக வாங்கினால், ஒவ்வொரு ஸ்பிரிங்கும் 300 முதல் 350 கிலோ தாங்குவதாக எடுங்கள். அவர்கள் சொல்லும் கணக்கு ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். பலர் ஏமாறுவது அங்கேதான். மாட்டிய பிறகு படகை ஏற்றி, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் நான்கு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். ஒரு முனையில் ஷாக்கிள் (ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு இணைக்கும் ஆடும் இணைப்பு) தடையில்லாமல் ஆட வேண்டும். பட்டை நிமிரும்போது நீளும், அதற்கு இடம் வேண்டும். பட்டையில் வெல்டிங்கோ கேஸ் கட்டிங்கோ கூடவே கூடாது. சூடு பட்ட இடத்தில் பதம் போய், பிறகு அங்கேதான் முறியும்.

உப்புத் தண்ணீர் பட்டைகளுக்கு நடுவே போய்த் தங்கும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். உள்ளே, பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் ஓட்டையைச் சுற்றித் துரு தின்றுகொண்டிருக்கும். மெயின் பட்டை அங்கேதான் முறிவதைப் பார்த்திருக்கிறேன். டிரெய்லரைக் கடலில் இறக்கும் ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் பட்டைகளின் இடுக்கு நனையக் கழுவுங்கள். வருடத்துக்கு ஒருமுறை கட்டைப் பிரித்துத் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் தடவிக் கட்டுங்கள். ஓடி வந்த சூட்டோடு ஹப்பைத் தண்ணீரில் இறக்காதீர்கள். சட்டென்று குளிர்ந்தால் உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், பேரிங் போய்விடும்.

புது ஸ்பிரிங் போட்டு 100 கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டுகளை மறுபடி முறுக்குங்கள். அதற்கெல்லாம் முன்னால், ஏராவில் விழுந்த அந்தக் கீறலைத் தேய்த்து, உலரவிட்டு, ஃபைபர் ஒட்டி அடைத்துவிடுங்கள். அடைக்காமல் கடலில் இறக்காதீர்கள்.