எச்.ஓ.ஏ. (குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் அசோசியேஷன்) காரை இழுத்துப் போனால்: அமெரிக்க வாசகர் கேள்விகள்

கலிஃபோர்னியா, ஃப்ரீமான்ட்டில் டவுன்ஹவுஸில் இருக்கிறோம். கெஸ்ட் பார்க்கிங்கில் நின்ற நண்பரின் காரை ராத்திரியில் டோ செய்து இழுத்துப் போய்விட்டார்கள். நோட்டீஸ்கூட ஒட்டவில்லை. பணம் கட்டாமல் சண்டை போடலாமா?

சண்டை போடுங்கள், ஆனால் காரை எடுத்த பிறகு. டோ கம்பெனியின் யார்டில் கார் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். பணம் கட்டும் முன்பே ஒன்றைக் கேளுங்கள்: "இந்தக் காரை எடுக்கச் சொல்லி யார் கையெழுத்துப் போட்டார்கள்? அதன் நகலைக் கொடுங்கள்." கலிஃபோர்னியாவில் அதைக் கொடுத்தாக வேண்டும். கிரெடிட் கார்டு வாங்க மாட்டோம் என்று சொல்லவும் அவர்களுக்கு அனுமதி இல்லை.

அந்தக் கையெழுத்திலும் எச்சரிக்கைப் பலகையிலும்தான் வழக்கே இருக்கிறது. அந்த மாநில வாகனச் சட்டத்தின் 22658-ஆம் பிரிவுப்படி, ஒவ்வொரு நுழைவாயிலிலும் குறைந்தது 17-க்கு 22 அங்குலத்தில் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். அதில் உள்ளூர் போலீஸின் போன் நம்பரும், டோ கம்பெனியின் பெயரும் நம்பரும் இருக்க வேண்டும். பலகை இல்லையென்றால், காரில் நோட்டீஸ் ஒட்டி 96 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆகவே பலகை சரியாக இருந்தால், நோட்டீஸ் ஒட்டவில்லை என்ற உங்கள் வாதம் நிற்காது.

ஆனால் பலகை இருந்தாலும், கார் எடுக்கப்படும் நேரத்தில் அசோசியேஷன் தரப்பில் ஒருவர் அங்கே இருந்து, விதிமீறலைப் பார்த்து, அந்தக் குறிப்பிட்ட காருக்கு எழுத்தில் அனுமதி தர வேண்டும். ஃபயர் லேன் (தீயணைப்பு வண்டிக்கான பாதை), ஹைட்ரன்ட்டுக்கு (தீயணைப்புக் குழாய்) 15 அடிக்குள், வாசலை மறித்து நிற்பது போன்றவற்றுக்குத்தான் பொதுவான முன் அனுமதி போதும். ராத்திரியில் தானாகச் சுற்றிவந்து கெஸ்ட் பார்க்கிங்கில் கார் தூக்கும் டிரைவர் பெரும்பாலும் சிக்குவது இங்கேதான்.

அனுமதி இல்லாமல் எடுத்திருந்தால் டோ கம்பெனி கட்டணத்தைப் போல நான்கு மடங்கு வரை தர நேரிடும். பலகை விதியை மீறிய அசோசியேஷன் இரண்டு மடங்குக்குப் பொறுப்பு. ஸ்மால் கிளெய்ம்ஸ் என்ற சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றத்தில் தனிநபர் 12,500 டாலர் வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. வழக்கு கார் யாருடையதோ அவர் பெயரில், அதாவது உங்கள் நண்பர் பெயரில்தான் போக வேண்டும். பலகைகளை இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். பிறகு புதிதாக மாட்டிவிட்டால் நிரூபிப்பது கஷ்டம்.

சாண்ட்லர், அரிசோனா. வீட்டுக்கு முன்னால் தெருவில் நிறுத்தும் மகனின் காரை டோ செய்வோம் என்று எச்.ஓ.ஏ. கடிதம் அனுப்பியிருக்கிறது. தெரு அவர்களுடையதா?

அதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கேட் போட்ட குடியிருப்பு என்றால் பெரும்பாலும் தெரு அசோசியேஷனுக்குச் சொந்தம். இல்லையென்றால் நில ஆவணங்களைப் பதிவு செய்யும் கவுன்ட்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் உங்கள் பகுதியின் ப்ளாட் வரைபடத்தை (மனை, தெரு பிரிப்பு வரைபடம்) பாருங்கள். நகரத்துக்கு ஒப்படைத்த தெரு என்றால் உங்கள் கை ஓங்கும். 2014 டிசம்பர் 31-க்குப் பிறகு குடியிருப்பின் விதி ஆவணம் பதிவான இடங்களில், பொதுத் தெருவில் எச்.ஓ.ஏ. விதி போடவே முடியாது. அதற்கு முந்தையவை அந்த அதிகாரத்தை வைத்துக்கொள்ள 2025 ஜூன் 30-க்குள் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியிருக்க வேண்டும். முடிவு என்ன என்று அசோசியேஷனை நடத்தும் போர்டிடம் எழுதிக் கேளுங்கள். போனில் கேட்காதீர்கள், ஈமெயிலில் கேளுங்கள்.

டெக்சாஸ், ஃப்ரிஸ்கோ. காரை டோ செய்து பத்து நாள் ஆகிவிட்டது. இனி ஏதாவது செய்யலாமா?

செய்யலாம், ஆனால் இன்றே. டோ ஆன நாளிலிருந்து 14 நாளுக்குள் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் என்ற உள்ளூர் கீழ் நீதிமன்றத்தில் டோ ஹியரிங் (டோ பற்றிய விசாரணை) கேட்க வேண்டும். சனி, ஞாயிறு, அரசு விடுமுறைகள் கணக்கில் வராது என்பதால் உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் இடம் முக்கியமில்லை. கார் எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டதோ அந்தப் பகுதிக்கான நீதிமன்றத்துக்குப் போங்கள். காரை எடுக்கத் தக்க காரணம் இருந்ததா, கட்டணம் சட்டப்படி சரியா என்பதுதான் அங்கே கேள்வி. போர்டு மேல் இருக்கும் மற்ற கோபங்களை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

ஃப்ளோரிடா, டாம்பா. என் பிக்கப் டிரக்கை சொந்த டிரைவ்வேயிலேயே நிறுத்தக் கூடாதாம்!

2024 ஜூலை 1 முதல் ஃப்ளோரிடாவில் எச்.ஓ.ஏ. அப்படித் தடுக்க முடியாது. சொந்த உபயோகத்துக்கான பிக்கப் டிரக்கைச் சட்டம் பெயர் சொல்லியே காப்பாற்றுகிறது. பெரிய வணிக வாகனங்களுக்கு இது பொருந்தாது.

எங்கள் போர்டில் நானும் இருக்கிறேன். ஒரு டோ கம்பெனி இலவசமாக ரோந்து வருவதாகச் சொல்கிறது. ஒப்பந்தம் போடலாமா?

வேண்டாம் என்பேன். அசோசியேஷன் காசு தராவிட்டால், கம்பெனியின் வருமானம் முழுக்கத் தூக்கிய கார்களிலிருந்துதான் வரும். எத்தனை கார் கிடைக்கும் என்பதே அந்த டிரைவரின் கணக்கு. கைக்குழந்தையோடு வந்த விருந்தாளியா, நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த நர்ஸா என்று அவர் பார்க்க மாட்டார். ஒப்பந்தம் போட்டே தீர வேண்டுமென்றால், புகார் வந்தால் மட்டும், போர்டோ மேனேஜரோ நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே கார் நகர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கொலராடோவில் 2022-இலிருந்து குடியிருப்பு பார்க்கிங்கில் பெரும்பாலான டோக்களுக்கு 24 மணி நேர நோட்டீஸ் கட்டாயம். ரிஜிஸ்ட்ரேஷன் காலாவதியானதை மட்டும் சொல்லி அங்கே காரைத் தூக்க முடியாது. உங்கள் மாநிலத்தில் அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும், அதே 24 மணி நேரத்தை உங்கள் விதியில் சேர்க்க எதுவும் தடையில்லை. ஃபயர் லேனுக்கு மட்டும் விலக்கு வையுங்கள்.