அவன் ஜீப் ஓடுகிறது, இவள் படிப்பு ஏன் நிற்க வேண்டும்?

கேள்வி: வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறோம். எனக்குக் கொழுந்து எடுக்கிற வேலை, வீட்டுக்காரருக்கு மருந்தடிக்கிற வேலை. மகளுக்கு 15 வயது, தமிழ் மீடியத்தில் பத்தாவது படிக்கிறாள். குமுளி ரோட்டில் ஜீப் ஓட்டும் கம்பத்துக்காரர் ஒருவர், வயது 27 இருக்கும், போனில் பேசிப் பழகி அவளிடம் ஒரு படம் வாங்கிவிட்டார். கூப்பிட்ட இடத்துக்கு வராவிட்டால் எல்லோருக்கும் அனுப்புவேன் என்று மிரட்டுகிறார். வீட்டுக்காரர் போனைப் பிடுங்கிவிட்டார். படிப்பு போதும், வைகாசியில் கம்பத்தில் இருக்கும் தன் அக்கா மகனுக்குக் கட்டிவைத்துவிடலாம் என்கிறார். போலீசுக்குப் போனால் மானம் போகும், எங்களுக்கு மலையாளம் எழுதப் படிக்கவும் வராது. என்ன செய்வது? (பெயர் வேண்டாம், பீர்மேடு தாலுகா)

பதில்: சகோதரி, கல்யாணப் பேச்சை முதலில் நிறுத்த வேண்டும். வைகாசி வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். பத்திரிகை அடித்துவிட்டால் அப்புறம் நிறுத்துவது பெரும்பாடு.

உங்கள் வீட்டுக்காரரைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. பயந்துபோயிருக்கிறார். 2021-ல் உங்கள் வண்டிப்பெரியாறு பக்கத்திலேயே ஒரு லயத்தில், பெற்றோர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஆறு வயதுக் குழந்தை கொல்லப்பட்ட பிறகு அந்த மலையில் எந்தத் தகப்பனுக்குத் தூக்கம் வரும்? ஆனால் அவர் தேடியிருக்கும் வழியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கட்டிவைத்த பிறகும் அந்தப் படம் ஜீப்காரன் போனில்தானே இருக்கும்? இன்றைக்கு உங்கள் வீட்டுக்கு வரும் மிரட்டல் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும். கூடவே 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் இருக்கிறது. மாப்பிள்ளைக்கும் நடத்திவைத்த பெரியவர்களுக்கும் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புப்படி, மனைவியே ஆனாலும் 18 வயது ஆகாதவளோடு உறவு கொள்வது பாலியல் வன்கொடுமை. பிள்ளை மாசமாகி ஆஸ்பத்திரிக்குப் போனால், வயதைப் பார்த்ததும் டாக்டர் போலீசுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் கேரளத்தில் ஒன்று, அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் ஒன்று என்று கிடையாது, இரண்டு ஊருக்கும் ஒரே சட்டம்தான். அக்கா மகனை ஜெயிலுக்கு அனுப்பவா சம்பந்தம் பேசுகிறீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். (மகளின் படிப்பைச் சொன்னால் உறைக்காத அப்பாக்களுக்குக்கூட இதைச் சொன்னால் உறைக்கிறது. என்ன செய்வது!)

இனி மகள். விஷயத்தை அவளே சொன்னாளா, நீங்கள் கண்டுபிடித்தீர்களா என்று எழுதவில்லை. அவளே சொல்லியிருந்தால், சொன்னதற்குக் கிடைத்தது போனும் போச்சு, படிப்பும் போச்சு, மேலே ஒரு கல்யாணம். இனிமேல் எது நடந்தாலும் வாயைத் திறப்பாளா? லயத்தில் இருக்கும் மற்றப் பிள்ளைகளும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஏன் அனுப்பினாய் என்று கேட்காதீர்கள். 27 வயது ஆள் ஒருவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் படம் வாங்குவது தற்செயலாக நடப்பதில்லை. ஜீப்பில் முன்சீட்டைப் பிடித்து வைப்பான், ரீசார்ஜ் போட்டுவிடுவான், உன் அம்மா திட்டினாளா என்று அக்கறையாக விசாரிப்பான். அப்புறம் ஒருநாள், என்மேல் நம்பிக்கை இல்லையா என்பான். பதினைந்து வயதில் அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாது. உன்மேல் தப்பு இல்லை, நாங்கள் இருக்கிறோம் என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும், மனசுக்குள் நினைத்தால் போதாது. அவன் வேறு ஏதாவது செய்தானா, எங்கேயாவது கூட்டிப்போனானா என்று அப்பா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு தடவை கேளுங்கள். பேசாமல் இருந்தால் குடைய வேண்டாம். கொஞ்ச நாளைக்கு அவளைத் தனியாக விடாதீர்கள். வீட்டுக்காரர் மருந்தடிக்கப் போகிறவர் என்கிறீர்கள், வீட்டுப் பக்கம் பூச்சிமருந்து டப்பா ஏதாவது கிடந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

அந்தப் போனில் எதையும் அழிக்காதீர்கள். அவன் அனுப்பிய மெசேஜ், நம்பர், தேதி எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மகளின் படத்தை மட்டும் யாருக்கும் அனுப்ப வேண்டாம், தாய்மாமனுக்குக் காட்டுவதற்காகக்கூட. சிறுமியின் அந்தரங்கப் படத்தை யார் யாருக்கு அனுப்பினாலும் குற்றம். பணம் கொடுத்து முடிக்கப் பார்த்தால் திரும்பக் கேட்பான். வீட்டுக்காரர் ஜீப் ஸ்டாண்டுக்குப் போய் அவன் சட்டையைப் பிடித்தால், அவன் போனை மாற்றிவிடுவான், கேஸ் உங்கள் வீட்டுக்காரர்மேல் வரும்.

புகார் கொடுங்கள். குழந்தையை விடாமல் போனில் தொடர்புகொண்டு தொல்லை செய்வதும், படத்தைப் போட்டுவிடுவேன் என்று மிரட்டுவதும் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தில் பாலியல் துன்புறுத்தலாகவே வருகின்றன. மூன்று ஆண்டு வரை சிறை. ஸ்டேஷனுக்குப் போகத் தயக்கமாக இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடுங்கள், இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள். அவன் கம்பத்துக்காரன், அங்கே போய்க் கொடு என்று யாராவது திருப்பி அனுப்பப் பார்த்தால் விடாதீர்கள். எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிய வேண்டும், 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே அது இருக்கிறது.

மலையாளம் தெரியாதது தடையே இல்லை. பிள்ளைக்குப் புரியாத மொழியில் எழுதுவதாக இருந்தால் மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் வைக்க வேண்டும் என்று போக்சோ சட்டமே சொல்கிறது. தமிழில் படித்துக் காட்டும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகலைக் காசு கொடுக்காமல் கேட்டு வாங்குங்கள். வாக்குமூலம் வாங்க மகளை ஸ்டேஷனுக்கு இழுக்க வேண்டியதில்லை. வீட்டிலோ அவள் சொல்கிற இடத்திலோ வாங்கலாம், அதிகாரி யூனிபார்மில் வரக்கூடாது, கூடுமானவரை பெண் எஸ்.ஐ.யாக இருக்க வேண்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கலாம். ராத்திரியில் ஸ்டேஷனில் வைத்திருக்கவே கூடாது. தகவல் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போக வேண்டும். அவள் பெயர், ஊர், பள்ளி எதையும் பத்திரிகையில் போட முடியாது. மானம் என்று நீங்கள் பயப்படுவதற்குச் சட்டத்தில் இவ்வளவு காவல் இருக்கிறது. காகிதத்தில் உள்ளபடியே எல்லா ஸ்டேஷனிலும் நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அதனால் தனியாகப் போகாதீர்கள். பள்ளியில் கவுன்சிலர் இருந்தால் அவரையும், இல்லாவிட்டால் வகுப்பு டீச்சரையும் கூட்டிக்கொள்ளுங்கள். இலவச வக்கீலுக்கு 15100 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள்.

யூனியன்காரர் யாராவது பேசி முடித்துவைக்கிறேன் என்று வருவார், வராமல் இருக்க மாட்டார். விஷயம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைப்பவருக்கும் ஆறு மாதம் வரை தண்டனை உண்டு என்று சொல்லுங்கள், நைசாக நழுவிவிடுவார்.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்குப் போகட்டும். அந்த ஜீப் வேண்டாம், பஸ்ஸில் போகட்டும், சில நாள் நீங்களோ வீட்டுக்காரரோ கூடப் போங்கள். அரைநாள் சம்பளம் போகும், தெரிகிறது. இந்தப் பக்கத்தை அவருக்கும் படித்துக் காட்டுங்கள். கோபம் வந்தால் என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள், அவருக்கும் பதில் போடுகிறேன்.