கழுத்துக் கட்டியும் தூக்க முடியாத கையும்

வணக்கம் டாக்டர். எங்களுக்குச் சோமனூர். அப்பா தறி ஓட்டுகிறார். கழுத்தின் வலது பக்கம் நெறிக்கட்டி இருந்தது. சின்ன ஆபரேசன், மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிடலாம் என்று ஓர் ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். டெஸ்டில் டிபி என்று வந்தது, மாத்திரை சாப்பிடுகிறார். ஆனால் இரண்டு மாதமாக வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. தானாகச் சரியாகிவிடும் என்கிறார்கள். சின்ன ஆபரேசனில் இப்படி ஆகுமா? எங்களை ஏமாற்றுகிறார்களா?

வாசகர், சோமனூர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆகும். கழுத்தின் பக்கவாட்டில், தோலுக்குக் கொஞ்சம் அடியிலேயே ஸ்பைனல் ஆக்சசரி என்றொரு நரம்பு ஓடுகிறது. தோளைத் தூக்கி நிறுத்தும் ட்ரபீசியஸ் தசையை இயக்குவது அதுதான். நெறிக்கட்டிகள் அதை ஒட்டியே இருக்கும். டிபி என்றால் கட்டிகள் ஒன்றோடொன்று பிசினாக ஒட்டிக்கொள்ளும். அதற்குள்ளிருந்து நரம்பைப் பிரித்துப் பார்ப்பது பழகிய கைக்கே சிரமம். இந்த நரம்பு அடிபட முக்கியக் காரணமே கழுத்தில் செய்யும் இதுபோன்ற ஆபரேசன்கள்தான்.

உங்கள் அப்பாவுக்கு நரம்பு அறுந்ததா, இழுபட்டு மட்டும் இருக்கிறதா என்பதைக் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. இழுபட்டிருந்தால் தானாகத் தேறும், அந்த அளவில் அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்தும் எந்தப் பரிசோதனையும் இல்லாமல் காத்திருக்கச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நரம்பிலிருந்து தசைக்குச் சரியாகத் தூண்டல் போகிறதா என்று பார்க்கும் ஈஎம்ஜி பரிசோதனை எடுக்க வேண்டும். அறுந்திருந்தால் மறுபடி திறந்து நரம்பை ஒட்ட வேண்டும். 3 முதல் 6 மாதத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன். தள்ளிப்போகப் போகத் தசை சூம்பிவிடும். கோயமுத்தூரிலேயே நரம்பு ஒட்டும் பிளாஸ்டிக் சர்ஜன்கள் இருக்கிறார்கள். இந்த வாரமே கூட்டிப் போங்கள்.

சின்ன ஆபரேசன்களில் எனக்குப் பயம் தருவது கத்தி மட்டுமல்ல. விரைவீக்கத்துக்கு ஆபரேசன் செய்துகொள்ள ஒரு பெரியவர் தனியாக வந்தார். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்றார். அன்று ராத்திரி விரைப்பை வீங்கிக் கறுத்துவிட்டது. அந்த இடத்துச் சதை தளர்வானது, கசியும் ரத்தத்தை அமுக்கி நிறுத்த எதுவுமில்லை. மறுபடி திறந்து கட்டியாக உறைந்த ரத்தத்தை எடுத்தோம். பதறி ஓடிவந்த மகள்தான் சொன்னார், அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, ரத்தம் உறையாமலிருக்க தினமும் குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார் என்று. பெரியவரைக் கேட்டால், "சின்ன ஆபரேசன்தானுங்க, இதுக்குப் போயி எதுக்கு ஊட்டுல சொல்லோணும்னு வந்துட்டனுங்க" என்றார். பிழைத்துக்கொண்டார். பெரிய ஆபரேசன் என்றால் குடும்பமே கூட வந்திருக்கும், எக்கோவும் ரத்தப் பரிசோதனையும் எடுத்திருப்போம். சின்னது என்றதும் நோயாளி, டாக்டர், நர்ஸ் எல்லோரிடமும் அந்த ஜாக்கிரதை குறைந்துவிடுகிறது. பல ஊர்களில் இதைப் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

சரி, அப்பா விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேசன் குறிப்பையும், எடுத்த கட்டியைச் சோதித்த பயாப்ஸி ரிப்போர்ட்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. சர்ஜன் பார்த்துச் சொல்லும் வரை, தறியின் பாவு பீம் போன்ற கனமானவற்றை அந்தத் தோளில் தூக்க விடாதீர்கள். பிசியோதெரபி இப்போதே தொடங்கட்டும், இல்லாவிட்டால் தோள்மூட்டு இறுகிவிடும். அப்புறம், கை சரியாகவில்லை என்ற கோபத்தில் டிபி மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். டாக்டர் சொல்லும் வரை, குறைந்தது 6 மாதம், விடாமல் சாப்பிட வேண்டும்.